விசாவோடு மருத்துவக் கார்டும் போய்விடும்

மங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கடிதத்தில் முக்கியமான பகுதி இதுதான்:

“எங்க வீட்டுக்காரர் பத்தொன்பது வருசமா ஷார்ஜாவுல இருக்காருங்க. வர்ற தை மாசத்தோட போதும், ஒரேயடியா ஊருக்கு வந்துடறேன்னு சொல்லிட்டாரு. வயசு 52. சர்க்கரையும் பிரஷரும் பத்து வருசமா இருக்கு. அங்க கம்பெனி கொடுத்த கார்டைக் காட்டினா டாக்டர், மாத்திரை எல்லாம் நடந்துடுது. கேன்சல் பண்ணிட்டு வந்தா அந்தக் கார்டு செல்லாதாம். இங்க பனியன் கம்பெனில செக்கிங் சூப்பர்வைசரா 18,000 சம்பளத்துக்கு வேலை பேசி வெச்சிருக்கோம். நானு, பையன், மாமியார் எல்லாம் இங்கதான் இருக்கோம். எங்ககிட்ட எந்த இன்சூரன்சும் இல்லீங்க அக்கா. வந்ததுக்கப்புறம் பாத்துக்கலாமுங்கறாரு. எனக்குத்தான் பயமா இருக்கு.”

உங்கள் பயம் நியாயமானது, தங்கச்சி. ‘வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பதுதான் இந்த விஷயத்தில் செலவு வைக்கிற பேச்சு. டிக்கெட், பெட்டி, பாக்கிச் சம்பளம் எல்லாவற்றையும் கணக்குப் போடுகிறவர்கள், மருத்துவக் காப்பீட்டை மட்டும் விமானம் இறங்கிய பிறகு யோசிக்கிறார்கள்.

அமீரகத்தில் வேலை செய்பவரின் மருத்துவக் காப்பீடு விசாவோடு கட்டப்பட்டது. துபாயிலும் அபுதாபியிலும் பல வருடமாகக் கட்டாயம். ஷார்ஜா, அஜ்மான் போன்ற வடக்கு எமிரேட்டுகளில் 2025 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. அங்கே கொண்டுவந்த அடிப்படைத் திட்டத்தில், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சேர்ந்ததும் சர்க்கரைக்கு மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம். கட்டுவது முதலாளி என்பதால், நம் ஆட்களுக்கு இதன் மதிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. விசா ரத்தானால் கார்டும் போகிறது. சில கம்பெனிகளில் அன்றைக்கே, சிலவற்றில் கொஞ்ச நாள் கழித்து. எந்தத் தேதி என்பதை ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு போதாது, ஈமெயிலில் ஒரு வரி வேண்டும்.

அந்தத் தேதிக்குள் அங்கேயே முடித்துக்கொள்ளக் கூடியவை நிறைய இருக்கின்றன. முழு உடல் பரிசோதனை, கண் விழித்திரைப் பரிசோதனை, இதய டாக்டரிடம் ஒரு தடவை. சர்க்கரை பத்து வருடம் ஆனவருக்குக் கண்ணும் சிறுநீரகமும் பார்த்தாக வேண்டும். மாத்திரையை டாக்டர் எழுதித் தரும் அளவுக்கு வாங்கிக்கொண்டு, மருந்துச்சீட்டையும் பையிலேயே வைத்துக்கொண்டு வரட்டும். சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதச் சொல்ல வேண்டும். அங்கே விற்கும் பெயரில் திருப்பூர் மருந்துக் கடையில் கேட்டால் கடைக்காரர் முழிப்பார். கைக்காசு போட்டுப் பார்த்த பில் ஏதாவது இருந்தால், திரும்பப் பெறும் விண்ணப்பத்தை ஊருக்குக் கிளம்பும் முன்பே கொடுத்துவிட வேண்டும். பணம் வருவதற்குள் அங்கத்திய வங்கிக் கணக்கை மூடிவிட்டால் அது எங்கே வந்து சேரும்?

இன்னொன்று. பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஆஸ்பத்திரியின் ஆப்பிலும், காப்பீட்டு நிறுவனத்தின் ஆப்பிலும் இருக்கும். அவற்றைத் திறக்க அந்த ஊர் மொபைல் எண்ணுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். எண் போனால் ரிப்போர்ட்டும் போச்சு. எல்லாவற்றையும் இப்போதே இறக்கி, உங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் எப்போதாவது படுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் வேண்டும்.

விசா ரத்துக்கு, எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். பணம் கைக்கோ கணக்குக்கோ வந்ததைப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. பணிக்கொடையாக முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாளும் கணக்கு. எல்லாப் பாக்கியையும் வேலை முடிந்த 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது அங்கத்தியச் சட்டம். பத்தொன்பது வருடப் பணிக்கொடை சின்னத் தொகை இல்லை. அதிலிருந்து ஒரு பங்கை மருத்துவத்துக்கென்று தனியாக எடுத்து வைக்கப் போகிறோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

வளைகுடா இல்லாமல் வேறு நாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் தோழிகளுக்காக ஒரு சின்ன விலகல். எல்லா ஊரிலும் காப்பீடு தானாக நின்றுவிடாது. ஜெர்மனியில் நேர்மாறு. அரசு வகை மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டால், அவர் இன்னும் அங்கேயே வசிப்பதாக எடுத்துக்கொண்டு சந்தா ஏறிக்கொண்டே போகும். நகராட்சி அலுவலகத்தில் முகவரியை நீக்கி, அந்தச் சான்றிதழைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, ‘முடித்துவிட்டோம்’ என்ற பதில் கடிதத்தை வாங்க வேண்டும். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்காரருக்கு முதலாளி குறைந்தது 60,000 வெள்ளிக்குக் காப்பீடு எடுத்திருப்பார், பெர்மிட்டோடு அதுவும் முடியும். பி.ஆர். வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் மெடிஷீல்டு லைஃப் நிற்கும். பிரிட்டனுக்கு விசா எடுக்கும்போது கட்டிய மருத்துவக் கூடுதல் கட்டணம், 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு. முன்கூட்டியே ஊர் திரும்பினோம் என்பதற்காக மீதி வருடங்களுக்கு அது திரும்ப வராது. ஆக, பிள்ளை எந்த நாட்டில் இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: அதுவாக நிற்குமா, நாம் நிறுத்த வேண்டுமா?

மங்கலத்துக்கு வருவோம்.

அங்கே ஒரு நாளில் முடிகிற காப்பீடு, இங்கே ஒரு நாளில் தொடங்குவதில்லை. வெளிநாட்டு பாலிசியை இந்திய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் முடியாது. ‘போர்ட்டபிலிட்டி’ என்று விளம்பரத்தில் வருவது, ஒரு இந்திய நிறுவனத்திலிருந்து இன்னொரு இந்திய நிறுவனத்துக்குத்தான். பத்தொன்பது வருடம் அங்கே கார்டு வைத்திருந்தவரும் இங்கே புதுசாகச் சேருகிறவர்தான்.

புதுசாகச் சேர்ந்தால் விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம். முன்பு 48 மாதமாக இருந்தது. 2024 ஏப்ரலிலிருந்து ஐ.ஆர்.டி.ஏ.ஐ. குறைத்திருக்கிறது. குறைத்தும் மூன்று வருடம்! சர்க்கரை, பிரஷர் உள்ள 52 வயதுக்காரருக்கு எந்த மூன்று வருடம் ஆபத்தானது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்திய நிறுவனத்தில் மருத்துவ பாலிசி எடுக்கலாம். பாஸ்போர்ட், இந்திய முகவரிச் சான்று, என்.ஆர்.ஐ. என்ற விவரம் கொடுத்தால் போதும். வழக்கமான பாலிசியில் சிகிச்சை இந்தியாவில்தான், ஆனால் காத்திருப்புக் காலம் அவர் ஷார்ஜாவில் இருக்கும்போதே ஓடத் தொடங்கிவிடும். மூன்று வருடம் முன்பே எடுத்திருந்தால் இறங்குகிற அன்றைக்கே முழுக் காப்பீடு. தை மாதம் வருகிறவருக்கு அந்த மூன்று வருடம் கிடைக்காதுதான். இப்போது எடுத்தால், இறங்கும்போது முதல் 30 நாளாவது தாண்டியிருக்கும். இன்னும் நாலைந்து வருடம் அங்கே இருக்கப் போகிறவர்களின் மனைவிமார்கள் இந்தப் பத்தியை அப்படியே கணவருக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன், தங்கச்சி. அவருடைய கார்டு போவதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கார்டு இத்தனை வருடமும் அவருக்கு மட்டும்தான் இருந்தது. உங்களுக்கும் பையனுக்கும் மாமியாருக்கும் ஒரு நாள்கூட எந்தக் காப்பீடும் இருந்ததில்லை. வளைகுடாக் குடும்பங்களில் இது சர்வசாதாரணம். சம்பாதிக்கிறவருக்குக் கார்டு, ஊரில் இருக்கிறவர்களுக்கு ‘ஏதாவது வந்தா பணம் அனுப்பறேன்’. இப்போது அனுப்புகிறவரே திரும்பி வருகிறார்.

எனவே பாலிசி எடுக்கும்போது அவரையும் உங்களையும் ஒரே குடும்ப பாலிசியில் போடாமல், அவருக்குத் தனியாகவும் உங்களுக்கும் பையனுக்கும் சேர்த்து ஒன்றாகவும் விலை கேட்டுப் பாருங்கள். குடும்ப பாலிசியில் பிரீமியம் பெரும்பாலும் மூத்தவரின் வயதை வைத்துத்தான் போடுவார்கள். சர்க்கரை, பிரஷருக்கு 31ஆம் நாளிலிருந்தே பணம் தருகிற மாதிரி கூடுதல் பிரீமியத்தில் சில நிறுவனங்கள் பாலிசி வைத்திருக்கின்றன. அவருக்கு அந்த வகையைக் கேளுங்கள். விலை கூடத்தான் இருக்கும். நான் மேலே சொன்ன பணிக்கொடைப் பங்கு இதற்குத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, முன்பு 18 சதவீதம். யாராவது பழைய கணக்கில் வரி போட்டுச் சொன்னால் திருத்துங்கள். மாமியாரையும் கேட்டுப் பாருங்கள். 65 வயதுக்கு மேல் புது பாலிசி கிடையாது என்ற தடை 2024இலேயே போய்விட்டது.

அடுத்து சொல்லப் போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். விண்ணப்பம் நிரப்பும்போது, “சர்க்கரை இருக்குன்னு போட வேண்டாமுங்க, பிரீமியம் ஏறும், ரிஜெக்ட் ஆயிரும்” என்று சொல்கிறவர் எப்படியும் ஒருவர் வருவார். நல்ல எண்ணத்தில்கூடச் சொல்லலாம். கேட்காதீர்கள். மாட்டிக்கொள்வது எப்படி என்று சொல்கிறேன். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறீர்கள். வாசலிலேயே ட்யூட்டி டாக்டர் கேட்பார், “சுகர் எத்தனை வருஷமா இருக்கும்மா?” பதற்றத்தில் நீங்கள் உண்மையைத்தான் சொல்வீர்கள்: “பத்து வருசமா இருக்குதுங்க டாக்டர்.” அவர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதுவார், அது அவர் கடமை. அந்தத் தாள்தான் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். பாலிசியில் ‘நோய் இல்லை’, கேஸ் ஷீட்டில் ‘பத்து வருடம்’. கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும், பாலிசியே ரத்தாகலாம்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பிரீமியம் கொஞ்சம் ஏறும், காத்திருக்கச் சொல்வார்கள், ஒரு நிறுவனம் மறுத்தால் இன்னொன்றைப் பார்ப்போம். தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால், மோசடி நிரூபணமானால் தவிர, சொல்லவில்லை என்று காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது என்று விதி இருக்கிறது. அதை நம்பி மறைப்பவர்களும் உண்டு. ஐந்து வருடம் நெஞ்சுவலி வராமல் இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? அவர் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவரும் ரிப்போர்ட்டுகளை விண்ணப்பத்தோடு இணைத்தே கொடுத்துவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருப்பதை அதே ரிப்போர்ட்டுகள் காட்டினால் உங்களுக்குத்தான் நல்லது.

சரி, காத்திருப்புக் காலத்தில் ஏதாவது வந்தால்? இதற்கு உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. அவருக்குப் பேசி வைத்திருக்கிற வேலைதான் அது.

மாதச் சம்பளம் 21,000 வரை உள்ள தொழிலாளிக்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் இ.எஸ்.ஐ. உண்டு. சூப்பர்வைசரும் அதில் வருவார். இ.எஸ்.ஐ.யில் பழைய நோய் புது நோய் என்ற பேச்சே கிடையாது. சேர்ந்த நாளிலிருந்து அவருக்கும் உங்களுக்கும் பையனுக்கும் மருத்துவம் உண்டு. அவரை நம்பி இருக்கும் அம்மாவும், தனி வருமானம் வரம்புக்குள் இருந்தால் சேரலாம். பெரிய ஆபரேஷன் வகைகளுக்கு மட்டும் சில மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. அங்கே போய் வந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். அதை மறைக்கவில்லை.

ஆனால் நம் பக்கத்தில் நடப்பது உங்களுக்கே தெரியும். “இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்காம முழுசாக் கையில தர்றோமுங்க” என்பார்கள். அல்லது காண்ட்ராக்டர் கீழே பீஸ் ரேட் கணக்கில் போட்டுவிடுவார்கள். கையில் வருகிறதே என்று நம் ஆட்களும் தலையாட்டிவிடுகிறார்கள். 18,000 சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். மாதம் 135 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். மாதம் 135 ரூபாய்க்கு, சர்க்கரை உள்ள மனிதருக்கும் அவர் குடும்பத்துக்கும் முதல் நாளிலிருந்து மருத்துவம் தருகிற பாலிசி கடையில் கிடையாது. எனவே வேலை பேசும்போது சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கூடக் கேட்பதைவிட, “இ.எஸ்.ஐ. நம்பர் போட்டுக் கொடுத்துருங்க” என்று கேட்கச் சொல்லுங்கள். வாய் வார்த்தையோடு விடாமல் முதல் மாதச் சம்பளச் சீட்டில் பிடித்தம் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தா சேரச் சேர வேறு பலனும் உண்டு. ஆறு மாதக் கணக்குக் காலத்தில் 78 நாள் சந்தா இருந்தால், அடுத்து வரும் பலன் காலத்தில் உடம்பு முடியாமல் லீவு போடும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. ஐந்து வருடமாவது காப்பீட்டில் இருந்துவிட்டு ஓய்வு வயதில் வெளியே வந்தால், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டி அவரும் மனைவியும் மருத்துவத்தைத் தொடரலாம். 52 வயதில் சேருகிறவருக்கு அந்த ஐந்து வருடம் கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் இடையில் வேலையை விட்டால் பலனும் கொஞ்ச நாளில் நின்றுவிடும் என்பதால், தனி பாலிசியும் வேண்டும் என்கிறேன். இ.எஸ்.ஐ. அவரைத் தாங்குகிற காலத்தில் அந்த 36 மாதம் ஓடி முடியட்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டக் கார்டு பற்றிப் பலர் கேட்பீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. அதிலும் பழைய நோய் தடையில்லை. இந்த வாசகியின் வீட்டில் 18,000 சம்பளம் வந்தால் வருடக் கணக்கு 2,16,000 ஆகிவிடுகிறது, எனவே பொருந்தாது. திரும்பி வந்து வேலை அமையாமல், தறியில் கூலிக்குப் போகிற குடும்பங்களுக்குப் பொருந்தும். வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு பல்லடம் சாலையில் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால், திரும்பி வந்தவரின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாடு போனதும் நீக்கிய வீடுகள் உண்டு. பெயர் இல்லாதவருக்கு இந்தக் கார்டு உதவாது.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு எந்தக் கார்டும் தேவையில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் போதும். வந்த வாரமே பதியுங்கள். கொண்டுவந்த மாத்திரை தீர்ந்த பிறகு அலைய வேண்டாம்.

வங்கி விஷயம் சுருக்கமாக: நிரந்தரமாக வந்துவிட்டால் என்.ஆர்.இ. கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். பாலிசி பிரீமியம் அந்தக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி போட்டிருந்தால், கணக்கை மாற்றும்போது அது நின்றுவிடாமல் பாருங்கள். வருடப் பிரீமியத்துக்குத் தவணை தாண்டி 30 நாள் அவகாசம் உண்டு. அதையும் தவறவிட்டால், ஓடிக்கொண்டிருந்த காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். பாலிசியில் முகவரி, மொபைல் எண், என்.ஆர்.ஐ. என்ற குறிப்பு மூன்றையும் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை அவர் போன் பண்ணும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: கார்டு முடியும் தேதி, இரண்டு வருட ரிப்போர்ட்டுகள், பாஸ்போர்ட் பிரதி. அவை வந்ததும் பாலிசிக்கு விண்ணப்பியுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்ற பகுதியைத் தேடி, சர்க்கரையும் பிரஷரும் எழுதியிருக்கிறதா, எத்தனை மாதம் என்று போட்டிருக்கிறது என்று நீங்களே படியுங்கள். சொன்னதற்கு மாறாக இருந்தால் 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு போன்ற சிறு தொகைகளைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள்.